துண்டுக்குள்ள விரல் பேசும், வெளிய மூஞ்சி பொய் சொல்லும்



பொள்ளாச்சி மாட்டுச் சந்தையைப் பாக்க வர்ற டவுன்காரங்க எல்லாரும் கடைசில ஒரே கேள்விதான் கேப்பாங்க. "ஏனுங்க, அந்த ரெண்டு பேரு கையைப் புடிச்சு, மேல துண்டைப் போட்டு மூடிட்டு நிக்கறாங்களே, என்ன பண்றாங்க?" வெலை பேசறாங்கன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. வாயே தொறக்கலையே, அப்பறம் எப்படி வெலை பேசறதும்பாங்க.

இன்னைக்கு அதைப் பத்தித்தான் எழுதறேன். இந்தப் பழக்கம் எத்தனை பழசு, வேற எங்கெல்லாம் இருந்துச்சு, இதுல விவசாயிக்கு என்ன லாபம், என்ன நட்டம்னு பாக்கலாம். நடுவுல கொஞ்சம் சிரிப்பும் வரும். வாயைக் கட்டிப் போட்டுட்டா மனுசன் ஒடம்பு படற பாடு இருக்குதே, அதை மாதிரி வேடிக்கை வேற கிடையாதுங்க.

மொதல்ல சந்தையைப் பத்தி ரெண்டு வார்த்தை. எங்க கிணத்துக்கடவுல இருந்து தெக்கால இருபது கிலோமீட்டர் போனா பொள்ளாச்சி. செவ்வாயும் வியாழனும் மாட்டுச் சந்தை. ஆந்திரா, கர்நாடகா, நம்ம தமிழ்நாட்டுப் பல ஜில்லால இருந்து மாடு வரும். வாங்கற ஆளுக பெரும்பாலும் கேரளாக்காரங்க. பாலக்காட்டுக் கணவாய் பக்கத்துலயே இருக்கறதால, மலை ஏறி எறங்காம அந்தப் பக்கம் போற வழி இது. ஓட்டிட்டு வர்றவன் தெலுங்கு பேசுவான், கன்னடம் பேசுவான். வாங்கறவன் மலையாளம். நடுவுல நிக்கற தரகர் நம்மூரு ஆளு. இத்தனை பாஷைக்கும் பொதுவா இருக்கறது அஞ்சு விரலுதானுங்க.

கணக்கு பெரிய கம்பசூத்திரம் இல்லை. ஒரு விரலைப் புடிச்சா ஒண்ணு, ரெண்டு விரலைப் புடிச்சா ரெண்டு, முழுக்கையும் புடிச்சா அஞ்சு. அதுக்கு மேல அமுக்கறது, மடக்கறது, விரல் கணுவைத் தொடறதெல்லாம் சந்தைக்குச் சந்தை கொஞ்சம் மாறும். அந்த 'ஒண்ணு' ஆயிரமா, பத்தாயிரமாங்கறதை யாரும் சொல்ல மாட்டாங்க. மாட்டைப் பாத்தே புரிஞ்சுக்கோணும். எங்க அப்பாரு, அதாவது அப்பாவோட அப்பா, காலத்துல ஒரு விரல் பத்து ரூவாயாம். எங்க அப்பா காலத்துல நூறு. இப்ப ஆயிரம், நல்ல கறவைன்னா பத்தாயிரம். விரல் அதே விரல்தான், ரூவாதான் எளைச்சுப் போச்சு.

கையி துண்டுக்குள்ள இருக்கறப்ப வெளிய நடக்கறதுதான் நாடகம். விரல் சொல்றது வெலை. வாயி சொல்றது மாட்டோட பெருமை. மூஞ்சி சொல்றது "உன்னால நான் கெட்டேன்". மூணும் ஒரே ஆளுகிட்ட இருந்து ஒரே நேரத்துல வரும்.

வாங்கறவன் கொறைச்சுக் கேட்டா விக்கறவன் தேள் கொட்டின மாதிரி கையை உருவிக்குவான். துண்டை ஒதறித் தோள்ல போட்டு, வானத்தைப் பாத்து பெருமூச்சு விடுவான். வாங்க வந்தவன் "நமக்கு ஆகாதப்பா"ங்கற மாதிரி மூஞ்சியத் திருப்பிட்டு நடப்பான். மொதல் நாலு அடி எட்டி வெப்பான். அஞ்சாவது அடி சின்னதா வரும். எட்டாவது அடில செருப்புக்குள்ள கல்லு பூந்திரும். குனிஞ்சு எடுப்பான். கல்லே இருக்காது. குனிஞ்ச வாக்குலயே பின்னாடி மாடு வேற யாருகிட்டயாவது போயிருச்சான்னு ஒரு பார்வை பாத்துக்குவான். தரகர் அதுக்குத்தான் காத்துட்டு இருப்பார். ஓடிப் போயி கையைப் புடிச்சு இழுத்துட்டு வருவார். திரும்பத் துண்டு, திரும்ப விரல்.

பல்லுப் பாக்கறது இன்னொரு கூத்து. மாட்டுக்கு வயசு சர்டிபிகேட் எல்லாம் கிடையாது, பல்லுதான். ரெண்டு பல்லுன்னா ரெண்டு வயசு தாண்டுச்சு, நாலு பல்லுன்னா மூணு வயசு வாக்குல, எட்டுப் பல்லும் முளைச்சுட்டா கடை சேந்துருச்சும்பாங்க. ஒதட்டைத் தூக்கிப் பாக்கறவன் பல்லு நல்லா இருந்தா மூஞ்சியக் கடுகடுன்னு வெச்சுக்குவான். நல்லா இல்லைன்னாதான் சிரிப்பான், வெலையக் கொறைக்கலாமில்ல. விக்கறவன் கையும் சும்மா இருக்காது. மாட்டு ஒடம்புல ஆகாத சுழி ஏதாவது இருந்தா, பாசமாத் தடவிக் குடுக்கற மாதிரி கையைச் சரியா அந்த எடத்துலயே வெச்சிருப்பான். ஒரு மாட்டை ஒரே எடத்துல ரொம்ப நேரம் ஒருத்தன் கொஞ்சினான்னா, கையை எடுக்கச் சொல்லிப் பாருங்க.

எங்க அப்பாரு சொல்லுவாரு: "கண்ணு, மூஞ்சியப் பாக்காத. மூஞ்சி அவன் சொன்னபடி கேக்கும். காலைப் பாரு." நெசந்தானுங்க. வாங்க ஆசை இருக்கறவன் ஒடம்பை எந்தப் பக்கம் திருப்பினாலும் கால் பெருவிரல் மாட்டுப் பக்கமே இருக்கும்.

1964ல வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்துல நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்ற எடத்தை எல்லாரும் பாத்திருப்பீங்க. நாகேஷ் நம்ம தாராபுரத்துல பொறந்தவர். அந்தப் படமும் பொள்ளாச்சி தாண்டி ஆழியார் பக்கம் எடுத்தது. அதுல கதை சொல்றது நாகேஷ். ஆனா நாம வயித்தைப் புடிச்சுச் சிரிக்கறதுல பாதி, சும்மா கேட்டுட்டு உக்காந்திருக்கற பாலையா மூஞ்சியப் பாத்து. சந்தையிலயும் அதேதான். விரலை அமுக்கறவனை விட, அமுக்கு வாங்கறவன் மூஞ்சிலதான் வேடிக்கை.

இந்த பாஷை தெரியாத ஆளு கையை நீட்டினா என்ன ஆகும்னு ஒண்ணு சொல்றேன். நாலஞ்சு வருசம் முந்தி எங்க ஒறம்பரைப் பையன் ஒருத்தன், சென்னையில கம்ப்யூட்டர் வேலை, லீவுக்கு வந்தவன் ஒரு கறவை மாடு வாங்கோணும்னு சந்தைக்கு வந்தான். விக்கறவன் பக்கத்துத் தரகர் "வாங்க தம்பி"ன்னு கையைப் புடிச்சு துண்டைப் போட்டார். பையன் நல்ல வளப்பு. பெரிய மனுசன் கை குடுக்கறாருன்னு முழுக்கையையும் புடிச்சு, மூணு குலுக்கு நல்லாக் குலுக்கினான். தரகர் கண்ணு ரெண்டும் வெளிய வந்துருச்சு. முழுக்கைன்னா அஞ்சு, அதையும் மூணு தடவை! விக்க வந்தவனுக்குத் தரகர் மூஞ்சியப் பாத்ததும் என்னமோ பெருசா நடக்குதுன்னு தெரிஞ்சு, மாட்டோட கயித்தையே அவுக்க ஆரம்பிச்சுட்டான். நான்தான் பூந்து "கண்ணு, கையை எடு மொதல்ல"ன்னேன். சுத்தி நின்னவங்க சிரிச்ச சிரிப்புல மாடே மெரண்டுருச்சு. அப்பறம் அரைமணி நேரம் மொறையாப் பேசி அதே மாட்டைத்தான் வாங்கினோம். இன்னைக்கும் அவன் கை குடுக்க வந்தா "துண்டு எடுத்தாரட்டா தம்பி"ன்னு ஊட்டுல எல்லாரும் கேப்போம்.

சரி, இது எத்தனை காலமா இருக்குது? நம்ம பொள்ளாச்சித் தரகருகளே கண்டுபுடிச்சதுன்னு ரொம்ப நாளா நெனைச்சுட்டு இருந்தேன். படிச்சுப் பாத்தா கதை வேற.

கணவாய்க்கு அந்தப் பக்கம், கோழிக்கோட்டுல, 500 வருசத்துக்கு முந்தியே இது நடந்திருக்குது. லுதோவிக்கோ வர்த்தேமான்னு ஒரு இத்தாலிக்காரர், 1500க்கு அப்பறம் கொஞ்ச வருசத்துல அங்க வந்தவர். அவரோட பயணப் புத்தகம் 1510ல ரோமாபுரில அச்சாச்சு. கோழிக்கோட்டு வியாபாரிக தரகரை வெச்சு, ஒரு துணிக்கடியில விரலையும் விரல் கணுவையும் தொட்டே வெலை பேசறதையும், ஒரு டுக்காட்டுல இருந்து ஒரு லச்சம் டுக்காட்டு வரைக்கும் வாய் தொறக்காமயே பேசி முடிக்கறதையும் எழுதி வெச்சிருக்கார். டுக்காட்டுங்கறது அந்தக் காலத்துத் தங்கக்காசு. தரகர் ஒருத்தர்கிட்ட விரல் கேட்டுட்டு, இன்னொருத்தர்கிட்டப் போயி விரல் சொல்லுவாராம். இந்தத் தரகரை மனசுல வெச்சுக்குங்க, பின்னால வருவார்.

அதே நூத்தாண்டுல சேசரே பெதெரிச்சின்னு வெனிஸ் வியாபாரி ஒருத்தர் பர்மால பெகு பட்டணத்துல மாணிக்கக்கல் யாவாரத்தைப் பாத்திருக்கார். அங்கயும் துணிக்கடியில கைதான். 1600களில் தவெர்னியேங்கற பிரெஞ்சு வைர வியாபாரி கோல்கொண்டா பக்கத்து வைரச் சுரங்கத்துக்கு வந்தார். அவர் எழுதினது இன்னும் வெவரமா இருக்குது. விக்கறவனும் வாங்கறவனும் தையக்காரங்க மாதிரி சம்மணம் போட்டு எதுத்து எதுத்து உக்காந்துக்குவாங்க. இடுப்புத் துணியை அவுத்துக் கையை மூடிக்குவாங்க. முழுக்கையப் புடிச்சா ஆயிரம், அஞ்சு விரலை மட்டும் புடிச்சா ஐநூறு, ஒரு விரல் நூறு, நடுக்கணு வரைக்கும் புடிச்சா அம்பது, நுனிக்கணுன்னா பத்து. அதே எடத்துல இன்னும் எத்தனையோ வியாபாரிக உக்காந்திருப்பாங்க, ஒருத்தருக்கும் வெலை தெரியாது. வளைகுடாப் பக்கத்து முத்து வியாபாரிகளும் கையைத் துணியால மூடித்தான் பேசினாங்க. சீனாக்காரங்க துணி எதுக்குன்னு, அகலமான சட்டைக் கைக்குள்ளயே பேசிக்கிட்டாங்க.

மாணிக்கம், வைரம், முத்து, மாடு. இந்த நாலுக்கும் என்ன ஒத்துமைன்னு யோசிச்சுப் பாத்தேன். நாலுக்கும் தராசு வெலை கிடையாது. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. எங்க கிணத்துக்கடவு மார்க்கெட்டுல தக்காளி ஏலம் சத்தம் போட்டுத்தான் நடக்கும். என்ன வெலைக்குப் போனாலும் அன்னைக்கே வித்துத்தான் ஆகோணும், வெச்சிருந்தா அழுகிரும். மாடு அப்படி இல்லைங்க. வெலை படியலைன்னா ஊட்டுக்கு ஓட்டிட்டு வந்து அடுத்த வாரம் திரும்ப ஓட்டிட்டுப் போவோம். நாலு பேரு முன்னால ஒருத்தன் கொறைஞ்ச வெலையச் சத்தமாச் சொல்லிட்டான்னா, அதுக்கப்பறம் அந்த மாட்டுக்கு அதுதான் பேரு. "இதா, போன வாரம் முப்பதுக்கு நின்ன மாடு"ம்பாங்க. கல்யாணத்துக்கு இருக்கற புள்ளைய வந்தவன் வேண்டாம்னு சொல்லிட்டுப் போறதை ஊருக்குச் சொல்லுவமா? அது மாதிரி. துண்டு மூடறது வெலையை மட்டும் இல்லை, மாட்டோட மானத்தையும் மாட்டுக்காரன் மானத்தையும்தான். கேட்டவனும் தப்பிச்சான், கேக்கப்பட்டவனும் தப்பிச்சான். "எத்தனைக்குக் கேட்டாங்க?"ன்னா தலைய ஒரு மாதிரி ஆட்டிட்டுப் போயிரலாம்.

ஆனா இதுல இன்னொரு பக்கம் இருக்குதுங்க. அதை எழுதலைன்னா இந்தக் கட்டுரை வெறும் வேடிக்கையாப் போயிரும்.

நான் ஒம்பதாவது படிக்கறப்ப எங்க அப்பா ஒரு சோடி மயிலைக் காளையை வித்தார். தோட்டத்துக்கு மோட்டார் பம்பு வந்து, கவலை எறைக்கற வேலை நின்னு போச்சு, காளைக்குத் தீனி கட்டாது. தரகர் ஒருத்தர் எங்க அப்பா கையைப் புடிச்சு விரல் சொன்னார். போயி வாங்கறவர் கையைப் புடிச்சார். திரும்ப வந்து எங்க அப்பா கையைப் புடிச்சார். முடிஞ்சுது, பணம் எண்ணி வாங்கினோம், கயிறு மாத்தினோம். சாயங்காலம் டீக்கடையில வாங்கினவரே பக்கத்துல உக்காந்து, நல்ல காளை, இன்ன ரூவா குடுத்தாலும் தகும்னு பேச்சுவாக்குல சொன்னார். எங்க கைக்கு வந்ததை விட அது எண்ணூறு ரூவா அதிகம். தரகுக் கூலி தனியா வேற குடுத்திருந்தோம். எங்க அப்பா ஒண்ணும் பேசலை. தோள்ல இருந்த துண்டை எடுத்தார். ஒரு ஒதறு ஒதறினார். திரும்ப மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டார். அவ்வளவுதான். பஸ்ஸுல ஊடு வந்து சேர்ற வரைக்கும் எங்கிட்டப் பேச்சு இல்லை. அந்த ஒதறலோட அர்த்தம் எனக்கு ரொம்ப வருசம் கழிச்சுத்தான் புரிஞ்சுது.

எங்க அப்பா ஒருத்தருக்கு மட்டும் நடந்தது இல்லை இது. வெள்ளைக்காரன் காலத்துலயே இந்தத் துணி மூடின பேரம் பெரிய பொகாராப் போயிருக்குது. 1928ல அறிக்கை குடுத்த ராயல் விவசாயக் கமிஷன், தரகரும் வாங்கறவனும் துணிக்கடியில வெலை முடிக்கறதால வெளைய வெச்சவனுக்கே வெலை தெரியாமப் போகுதுங்கறதையும் பேசியிருக்குது. ஒழுங்குமுறைச் சந்தைக வேணும்னு சொன்னதும் அந்தக் கமிஷன்தான். சென்னை மாகாணத்துல 1933ல அதுக்குச் சட்டம் வந்துச்சு. அந்தச் சட்டத்துல மொதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் எங்க வந்துச்சு தெரியுங்களா? நம்ம திருப்பூர்ல, 1936ல, பருத்திக்கு.

இப்ப ஆனைமலை, நெகமம் பக்கமெல்லாம் கொப்பரையை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டு போனா மறைமுக ஏலம் வெப்பாங்க. வியாபாரி வெலையை எழுதித்தான் போடுவான், பக்கத்து வியாபாரிக்குத் தெரியாது. ஒரு வகையில அதுவும் துண்டுதான். ஆனா கடைசில தொறந்து, அதிக வெலை இன்னதுன்னு எல்லாருக்கும் சொல்லிருவாங்க. புடிச்சிருந்தாக் குடுக்கலாம், இல்லைன்னா இல்லை.

யோசிச்சுப் பாத்தா தப்பு துண்டுமேல இல்லைங்க. உள்ள யாரு கை இருக்குதுங்கறதுதான் கேள்வி. தவெர்னியே பாத்த வைரக்காரங்க நேருக்கு நேரா உக்காந்தாங்க. விக்கறவன் கையும் வாங்கறவன் கையும் ஒரே துணிக்குள்ள. அங்க ஊருக்குத்தான் வெலை தெரியாது, அவங்க ரெண்டு பேருக்கும் தெரியும். வர்த்தேமா பாத்த கோழிக்கோட்டுல நடுவுல தரகர். இங்க ஒரு துண்டு, அங்க ஒரு துண்டு. ரெண்டு துண்டுக்கும் நடுவுல ஒரு எண்ணூறு ரூவா ஒளிஞ்சுக்க எடம் இருக்குது. எல்லாத் தரகரும் அப்படின்னு சொல்லலை. வாங்கினதுல பைசா மறைக்காம, மாட்டு நோவு முதக்கொண்டு சொல்லி வித்துக் குடுத்தவங்களையும் பாத்திருக்கறேன். ஆனா நம்ம கை உள்ள இல்லாத துண்டை நம்பறது, நம்பிக்கை மட்டும்தான்.

எங்க அப்பா அதுக்கப்பறம் சந்தையை விடலை, துண்டையும் விடலை. விரல் கணக்கை முழுசாக் கத்துக்கிட்டு, வாங்கறவன் கையைத் தானே புடிச்சார். தரகருக்குக் கூலியைக் குடுத்துப் பக்கத்துல நிக்க வெச்சுக்குவார். எனக்கும் ஊட்டுத் திண்ணையில உக்கார வெச்சு, தலையணை உறையைக் கையில போட்டுச் சொல்லிக் குடுத்தார். நான் அமுக்கறப்பெல்லாம் எங்க அம்மா பின்னாடி நின்னு எம் மூஞ்சியப் பாத்தே வெலையச் சொல்லிரும். "மூஞ்சிய மாத்து கண்ணு, ஒரு கல்லு மாதிரி வெச்சுக்க"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

இப்ப போன்ல மாட்டை வீடியோ புடிச்சுப் போடறாங்க. மடி, பல்லு, நடை எல்லாம் காட்டறாங்க. வெலை மட்டும் "இன்பாக்ஸ்ல வாங்க"ன்னு இருக்குது. பாத்தீங்களா, துண்டு போன்குள்ளயும் வந்துருச்சு! என்ன, அங்க மூஞ்சி தெரியாது, காலு தெரியாது. கொறைச்சுக் கேட்டா தேள் கொட்டின மாதிரி கையை உருவ முடியாது. அழுகற பொம்மை ஒண்ணு அனுப்பறான். அதுல நெசமா அழுகறானா, சிரிச்சுக்கிட்டே அனுப்பறானான்னு எங்க அப்பாருக்கே கண்டுபுடிக்க முடியாது.

அதனால, தோது கிடைச்சா ஒரு செவ்வாயோ வியாழனோ வெடியால நேரத்துல பொள்ளாச்சிக்கு வாங்க. மாட்டுக்குப் பின்னாடி நிக்காதீங்க, ஒதைக்கும். துண்டை முறைச்சுப் பாக்காதீங்க, அதுல ஒண்ணும் தெரியாது. மூஞ்சியப் பாத்துச் சிரிச்சுக்குங்க, காலைப் பாத்து வெலையைத் தெரிஞ்சுக்குங்க. உங்க கையை மட்டும் பாக்கெட்டுக்குள்ளயே வெச்சுக்குங்க. இல்லைன்னா ஊருக்குப் போறப்ப ஒரு மாட்டோடதான் போகோணும்.